அங்கியின் கையை அறுத்த பேரரசர்

கேள்வி இதுதான்: "நான் படிக்கும் பிஎல் (பாய்ஸ் லவ்) காமிக்ஸ்களில் திரும்பத் திரும்ப அரண்மனைதான் வருகிறது. பட்டத்து இளவரசன், மெய்க்காவலன், அரியணை, சதி. ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்ல ஏன் அரண்மனை? வரலாற்றில் இதற்கு அடிப்படை உண்டா, இல்லை முழுக்கக் கற்பனையா? நல்லதாக ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள்."

அடிப்படை உண்டு. வதந்தியாக இல்லை, அரசவையின் வரலாற்று நூலிலேயே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

சீனாவின் ஹான் பேரரசில் கி.மு. 7-இல் ஐ என்பவர் பேரரசரானார். இருபதை ஒட்டிய வயது. அவருடைய அரண்மனையில் தோங் ஷியன் என்று ஓர் இளம் ஊழியர். நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அறிவிப்பது அன்று அவருடைய வேலை. மண்டபத்துக்குக் கீழே நின்று அதைச் செய்துகொண்டிருக்கிறார். பேரரசர் கண்ணில் படுகிறார். முகம் பிடித்துப்போகிறது. "அது தோங் ஷியன்தானே?" என்று கேட்டு மேலே அழைத்துப் பேசுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய ஹான் வரலாற்றில் இந்தக் காட்சி ஒன்றிரண்டு வரிதான்.

அதே நூலில்தான் அந்தப் புகழ்பெற்ற பகல் தூக்கமும் வருகிறது. இருவரும் படுத்திருக்கிறார்கள். பேரரசருடைய அங்கியின் நீண்ட கை, தூங்கும் தோங் ஷியனின் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பேரரசருக்கு எழுந்திருக்க வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. அங்கியின் கையை அறுத்துவிட்டு எழுந்து போகிறார். சீன மொழியில் ஆண்களுக்கிடையிலான காதலுக்கு இன்றைக்கும் வழங்கும் "அறுந்த கை" என்ற மரபுச்சொல் இங்கிருந்து வந்ததுதான். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் ஒரு துண்டுத் துணி பேச்சில் இருக்கிறது.

இப்போது இன்னொரு அரசவைக்கு வாருங்கள். பள்ளிப் பாடத்தில் படையெடுப்புகளால் மட்டுமே நமக்குத் தெரிந்த கஜினி முகமது. அவருக்கு அயாஸ் என்று ஓர் அடிமை இருந்தார். பாரசீகக் கவிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பாடித் தீர்க்காத ஜோடி இது. 12-ஆம் நூற்றாண்டில் நிஜாமி அரூஸி எழுதிய "நான்கு உரைகள்" என்ற நூலில் ஒரு கதை வருகிறது. ஒரு இரவு, மது அருந்திய நிலையில் சுல்தான் அயாஸின் நீண்ட கூந்தலைப் பார்க்கிறார். மனம் தடுமாறுகிறது. மார்க்கத்துக்கு விரோதமாகப் போய்விடுவோமோ என்ற பயமும் வருகிறது. கத்தியை எடுத்து அயாஸிடம் கொடுத்து, உன் கூந்தலை வெட்டு என்கிறார். எங்கிருந்து வெட்டட்டும் என்று அயாஸ் கேட்கிறார். பாதியில் என்று பதில் வருகிறது. அயாஸ் கூந்தலை இரண்டாக மடித்து, அளவு பார்த்து, வெட்டி, சுல்தானின் முன்னால் வைக்கிறார். அந்தக் கீழ்ப்படிதலில் மகிழ்ந்து சுல்தான் பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறார். விடிந்ததும் வெறுமை. யாரும் கிட்டே நெருங்க முடியாத கோபம். கடைசியில் உன்சுரி என்ற அவைக்கவிஞர் ஒரு நாலடிப் பாட்டுச் சொல்லி மனத்தை ஆற்ற, சுல்தான் மூன்று முறை கவிஞரின் வாயை மணிகளால் நிரப்பச் சொன்னாராம்.

இந்த இரண்டு கத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் அன்புக்காகத் தன் அங்கியை அறுக்கிறார். இன்னொருவர் தன் ஆசைக்காக எதிரில் இருப்பவனின் கூந்தலை அறுக்கச் சொல்கிறார். அயாஸ் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? கதை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எங்கே வெட்டட்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்க முடிந்தது. அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அரண்மனைக் காதல் காமிக்ஸின் மொத்தச் சங்கதியும் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பட்டாடையும் மணிமுடியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஓவியருக்கும் வரைய ஆசையாக இருக்கும். ஆனால் அரண்மனை தரும் முக்கியமான வசதி வேறு. அங்கே அரசனின் உடம்பே அரசனுக்குச் சொந்தமில்லை. திருமணம் என்றால் உடன்படிக்கை, பிள்ளை என்றால் வாரிசு. சீன அரண்மனையில் பேரரசர் எந்த இரவை யாரோடு கழித்தார் என்பதற்கே பதிவேடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உறவுக்கும் அரசியல் கணக்கு இருக்கும் இடத்தில், வாரிசையும் நிலத்தையும் தராத ஒரு காதல் வந்து நிற்கிறது. கணக்கில் சேராத ஒன்று. அதனாலேயே அது மனதார எடுத்த முடிவாகத் தெரிகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம், அதே அரண்மனையில் மறுக்கும் உரிமை ஒருவனுக்கு மட்டும்தான் இருக்கிறது. காதலிக்கப்படுபவன் தலையாட்டினால் அது சம்மதமா, பயமா? இந்த இரண்டும் ஒரே அறையில் நடப்பதால்தான் கதை சூடு பிடிக்கிறது.

சீனர்களுக்கு இது ரொம்ப முன்னாலேயே தெரியும். "அறுந்த கை"க்கு அண்ணன் முறையாகும் மரபுச்சொல் ஒன்று உண்டு, "கடித்த பீச் பழம்". கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற அரசியல் சிந்தனையாளர் சொன்ன கதை அது. வெய் நாட்டுக் கோமகன் லிங்குக்கு மீ ட்சு ஷியா என்பவர் மேல் பிரியம். மீ ட்சு ஷியா ஒரு பீச் பழத்தைக் கடித்துப் பார்க்கிறார், இனிக்கிறது, மீதியைக் கோமகனுக்குக் கொடுக்கிறார். தன் பசியை மறந்து எனக்குக் கொடுத்தானே என்று கோமகன் நெகிழ்ந்து போகிறார். காலம் போகிறது, அழகு குறைகிறது. அப்போது அதே கோமகன் சொல்கிறார்: எச்சில் பழத்தை எனக்குக் கொடுத்தவன் இவன். பழம் மாறவில்லை, கொடுத்த விதமும் மாறவில்லை. ஹான் ஃபெய் இதைக் காதல் கதையாகச் சொல்லவில்லை, அரசனிடம் யோசனை சொல்லப் போகிறவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னார்.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். இந்தப் பழைய கதைகளிலிருந்து நேராக இன்றைய வெப்டூனுக்கு, அதாவது இணையத்தில் படிக்கும் காமிக்ஸுக்கு, ஒரு கோடு போட்டுவிட முடியாது. நடுவில் ஜப்பான் இருக்கிறது. 1970-களில் அங்கே சிறுமியருக்கான மாங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, பெண் ஓவியர்கள் சிலர் தலைகீழாக மாற்றினார்கள். ஹாகியோ மோதோ, தாகெமியா கெய்கோ போன்ற அவர்களை, பலரும் ஜப்பானியக் கணக்கில் ஷோவா 24-ஆம் ஆண்டை, அதாவது 1949-ஐ, ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் "24-ஆம் ஆண்டுக் குழு" என்பார்கள். ஆண்களுக்கிடையிலான காதலை மாங்காவுக்குள் கொண்டுவந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு. 1978-இல் இதற்கென்றே "ஜூன்" என்று ஒரு இதழ் தொடங்கியது. பிஎல் என்ற பெயர் 1990-களில்தான் நிலைத்தது.

அரண்மனை வாசனை அதற்கும் கொஞ்சம் முன்னால் வந்தது. இகேதா ரியோகோவின் "வெர்சாய் ரோஜா" 1972-இல் தொடராகத் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம். ஆணாக வளர்க்கப்பட்ட ஆஸ்கர் என்ற பெண் அரச மெய்க்காவல் படைக்குத் தலைமை தாங்குகிறாள், கூடவே வளர்ந்த வேலைக்காரன் ஆந்த்ரே அவளை வாய் திறக்காமல் காதலிக்கிறான். இது பிஎல் இல்லை. ஆனால் எஜமான், பணியாள், சீருடை, சொல்லக்கூடாத காதல் என்ற அச்சு அதில் கச்சிதமாக விழுந்துவிட்டது. பின்னால் வந்த இளவரசன்-மெய்க்காவலன் கதைகளைப் படிக்கும்போது எனக்கு ஆந்த்ரேயின் முகம்தான் தெரிகிறது.

கொரியாவிலும் ஒரு தனிக் கிளை இருக்கிறது. ஜோசோன் வம்சத்து அரசன் யோன்சானின் காலத்து அரசவைக் குறிப்பில் கோங்கில் என்ற கூத்தாடியைப் பற்றி ஒரு சிறு செய்தி உண்டு. அரசன் அரசனாக இல்லாவிட்டால், தானியம் இருந்தும் அதை நான் உண்ண முடியுமா என்று கன்பூசிய நூல் வரியை அரசனுக்கு எதிரிலேயே சொல்லி, அடி வாங்கி, நாடு கடத்தப்பட்டான். அந்தச் சில வரிகள் நாடகமாகி, 2005-இல் "அரசனும் கோமாளியும்" என்ற படமாகி, ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் திரையரங்கில் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஜோசோன் அரண்மனை கொரிய ஆண்-ஆண் காதல் கதைகளுக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஜோசோனுக்கு முந்தைய கோரியோ வம்சத்து அரசர் கோங்மின் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ராணி 1365-இல் பிரசவத்தில் இறந்த பிறகு அவர் அழகான இளைஞர்களைக் கொண்ட ஒரு மெய்க்காவல் அமைப்பை 1372-இல் வைத்தார், 1374-இல் அவர்களில் சிலர் உள்பட அரண்மனை ஆட்களாலேயே கொல்லப்பட்டார். படுக்கையறை விவரங்களை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த வரலாற்றைத் தொகுத்தவர்கள் கோரியோவைக் கவிழ்த்து வந்த ஜோசோன்காரர்கள். பழைய வம்சத்தின் அரசனை இழிவுபடுத்த அவர்களுக்குக் காரணம் இருந்தது. பழைய அரசவைக் காதல்களில் இது எப்போதும் உள்ள சிக்கல்: அன்பைப் பற்றி நமக்குச் சொல்பவர் பெரும்பாலும் எதிரி. பான் கு கூடத் தோங் ஷியனை, முகத்துதியால் உயர்ந்தவர்கள் என்ற அத்தியாயத்தில்தான் வைத்திருக்கிறார். அந்த எதிரியின் பேனாவையும் மீறி அறுந்த துணி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட சிபாரிசு. ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் "ஹெவன் அஃபிஷியல்ஸ் பிளஸ்ஸிங்" என்ற சீனக் காமிக்ஸைத்தான் சொல்வேன். மோ ஷியாங் தோங் ஷியு என்ற புனைபெயரில் எழுதுபவரின் இணைய நாவலை ஸ்டாரெம்பர் என்ற ஓவியர் வரைகிறார். 2019-இல் பிலிபிலி என்ற சீன இணையதளத்தில் தொடங்கியது, அடுத்த ஆண்டு அனிமேஷனாகவும் வந்தது. நாயகன் ஷியே லியன், ஷியன்லே என்ற நாட்டின் பட்டத்து இளவரசன். பதினேழு வயதில் தெய்வநிலைக்கு உயர்கிறான். நாடு அழிகிறது, கோயில்கள் எரிகின்றன, விண்ணகத்திலிருந்து இரண்டு முறை துரத்தப்படுகிறான். எண்ணூறு ஆண்டு கழித்து மூன்றாவது முறை மேலே வரும்போது அவன் பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவன். சொந்தக் கோயில் என்பது ஒரு கிராமத்துக் குடிசை. அந்தச் சமயத்தில் ஒரு மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் சாய்ந்தபடி சிவப்பு உடையில் ஒரு இளைஞன் வருகிறான். சான் லாங் என்று கூப்பிடச் சொல்கிறான். விண்ணகமே நடுங்கும் பேய் அரசன் ஹுவா செங் அவன்.

அரண்மனை இடிந்து எண்ணூறு ஆண்டாகிவிட்டது. அரசவை என்று பார்த்தால் விண்ணகத்து அதிகாரிகளின் அவை ஒன்றுதான், அங்கே இந்த இளவரசன் ஒரு கேலிப்பொருள். இருந்தாலும் இதையே நான் அரண்மனைக் காதலின் உச்சமாகச் சொல்வேன். காரணம் ஒரு மோதிரம். (கதையின் ஒரு ரகசியம் இதில் உடைகிறது, வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) ஒரு காலை ஷியே லியன் கண் விழிக்கும்போது சான் லாங் போய்விட்டிருக்கிறான். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு மோதிரம். அன்பளிப்பு என்றுதான் முதலில் நினைக்கிறான். பேய்களின் உயிர் அவற்றின் சாம்பலில் இருக்கிறது, அதை அழித்தால் பேயும் அழியும் என்பது அந்த உலகத்தின் சட்டம். அந்த மோதிரம் ஹுவா செங்கின் சாம்பல். இருவரில் வலியவன், தன்னை அழிக்கும் வழியை எளியவனின் கழுத்தில் மாட்டிவிட்டு, அதைச் சொல்லாமலேயே போயிருக்கிறான். சொல்லியிருந்தால் அது ஒரு கடன் ஆகியிருக்கும். கத்தி யார் கையில் இருக்கிறது என்ற அந்தப் பழைய கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தக் காமிக்ஸிலும் பார்த்ததில்லை.

இன்னொன்று, சீனாவில் வெளியாகும் காமிக்ஸில் இரண்டு ஆண்கள் காதலிப்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அதனால் ஓவியர் கண்ணால் பேச வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் வரும் மணப்பெண் பல்லக்குக் காட்சியைப் பாருங்கள். ஒரு பேயைப் பிடிப்பதற்காக ஷியே லியன் மணப்பெண் வேடத்தில், முகத்திரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். திரைக்கு அடியில் தெரிவது ஒரு கை மட்டும். விரலில் ஒரு சிவப்பு நூல். பேச்சு இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுக் காட்டில் நடக்கிறான். ரத்தமாய் மழை பெய்கிறது, தலைக்கு மேல் ஒரு குடை விரிகிறது. முகம் காட்டாமல், "காதல்" என்ற சொல் இல்லாமல், அந்தப் பக்கங்கள் முழுக்கக் காதல்தான். விரலால் திரையை மேலே தள்ளித் தள்ளிப் படிக்கும்போது அந்தக் கை உங்கள் விரலுக்குக் கிட்டே வந்து நிற்கும்.

மரியாதைச் சொல்லையும் கவனித்துப் படியுங்கள். பலரும் ஷியே லியனை இளக்காரமாகப் பார்க்கும்போது ஹுவா செங் சில இடங்களில் அவனை மனதார "தியன்ஷியா" என்று கூப்பிடுகிறான். "இளவரசே" என்று பொருள். நாடே இல்லாதவனை அப்படி அழைப்பதில் இருக்கும் பிரியம் ஆங்கில மொழிபெயர்ப்பில் பாதிதான் வரும். நீ, நீங்கள், தாங்கள் என்று வித்தியாசம் பார்த்து வளர்ந்த நமக்கு அது சட்டென்று புரியும். ஒருவன் எந்தப் பக்கத்தில் "நீங்கள்" என்பதை விட்டு "நீ"க்கு வருகிறான் என்று பார்த்தாலே இந்த வகைக் கதைகளில் பாதிக் கதை கிடைத்துவிடும். அந்தத் "தியன்ஷியா"வின் நேர்ப்பொருள் "மண்டபத்துக்குக் கீழே". அரசகுலத்தவரை நேராக அழைக்க முடியாது, மண்டபத்துக்குக் கீழே நிற்கும் பணியாளை அழைத்து அவர் வழியாகத்தான் பேச வேண்டும் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். தோங் ஷியன் நேரம் சொல்லிக்கொண்டு நின்ற இடத்துக்குப் பான் கு எழுதியிருப்பதும் இதே இரண்டு எழுத்துகள்தான்.

வேறு காமிக்ஸ் எடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். பணியாள் ஒரு தடவையாவது மறுக்கிறானா, மறுத்தால் அரசன் என்ன செய்கிறான்? வற்புறுத்தலில் தொடங்கி, அதையே காதல் என்று பூசி முடிக்கும் தொடர்கள் இந்த வகையில் நிறையவே உண்டு. ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அடுத்து, அரசனின் மனைவி. அவளை வெறும் வில்லியாகவோ வெறும் தடையாகவோ வரைந்தால் எழுதியவர் அரண்மனையைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அவளும் அதே கணக்கில் மாட்டியவள்தானே. வயது வந்தோருக்கானது என்ற குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை உரிமம் உள்ள தளத்தில் காசு கொடுத்துப் படியுங்கள். வாரம் ஒரு அத்தியாயம் வண்ணத்தில் வரைவது உடம்பை உருக்கும் வேலை.

தோங் ஷியனின் கதையைப் பாதியில் விட்டேன். பேரரசர் அவருக்குக் கொடுக்காதது எதுவும் இல்லை. தன் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கும் கல்லறை கட்டினார். சீனக் கணக்கில் இருபத்திரண்டு வயதில் அவரைப் படைத்துறைத் தலைவராக்கினார். விருந்துக்கு வந்த ஷியோங்னு என்ற வடக்கு நாடோடி மக்களின் அரசர், இவ்வளவு சின்ன வயதா என்று வியந்து மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாராம். இன்னொரு விருந்தில் அரியணையையே இவருக்குக் கொடுத்துவிடலாமா என்று பேரரசர் பேச, இது உங்கள் முன்னோரின் நாடு, உங்கள் சொந்தச் சொத்து இல்லை என்று ஓர் அதிகாரி வாயை அடைத்தார். கி.மு. 1-இல் பேரரசர் இறந்தார். இறுதிச் சடங்குக்கு என்ன ஏற்பாடு என்று அரசகுலத்து மூதாட்டி கேட்டபோது தோங் ஷியனுக்குப் பதில் தெரியவில்லை, தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். ஆட்சி அதிகாரத்தைக் கையில் எடுத்த வாங் மாங் என்பவர் வந்து பதவி முத்திரையைப் பறித்தார். அன்றே தோங் ஷியனும் அவர் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பயத்தில் வீட்டார் இரவோடு இரவாகப் புதைத்தார்கள். உண்மையிலேயே செத்தாரா என்று சந்தேகப்பட்டு வாங் மாங் சவப்பெட்டியைத் தோண்டித் திறந்து பார்த்தார். சொத்தை விற்றதில் 430 கோடி காசு கிடைத்ததாகப் பான் கு எழுதுகிறார்.

அப்போது ஜூ ஷூ என்ற ஓர் அலுவலர், தோங் ஷியனிடம் வேலை பார்த்தவர், தன் மேல் தானே குற்றம் சொல்லி வேலையை விட்டு விலகினார். சொந்தமாகச் சவப்பெட்டியும் துணியும் வாங்கி, அந்த உடம்பை எடுத்து மறுபடி அடக்கம் செய்தார். கேள்விப்பட்ட வாங் மாங் வேறொரு குற்றத்தைச் சாட்டி அவரைக் கொன்றுபோட்டார். ஜூ ஷூவைப் பற்றி நூலில் அவ்வளவுதான் இருக்கிறது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பான் கு சொல்லவில்லை. அந்தக் கதையை யாராவது வரைய வேண்டும் என்று நான் பல வருடமாகக் காத்திருக்கிறேன்.